குட்டை நிறம் மாறினால்: மாட்டுப்பண்ணைக் கழிவுநீரில் பாசிப் பழுது பார்ப்பது

"ஏங்க, குட்டை ரோஸ் கலர் ஆயிருச்சுங்க. என்ன மருந்து ஊத்தலாங்க?"

பண்ணைக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் முடியும். என் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். குட்டையில் எதையும் ஊற்ற வேண்டாம். கொட்டகையிலிருந்து இத்தனை நாளாக எதை ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று முதலில் பார்ப்போம். நிறம் மாறுவது குட்டையில். பழுது இருப்பது பத்துக்கு எட்டு தடவை கொட்டகையில்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் 10 முதல் 50 கறவை மாடு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கொட்டகை கழுவிய தண்ணீர், கோமியம், சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் ஸ்லரி எல்லாம் வரிசையாக மூன்று குட்டைகளில் இறங்கி, கடைசியில் கோ-4, கோ-5 தீவனப்புல்லுக்குப் போகும் அமைப்பு இது. பன்றி, கோழிப் பண்ணைக் குட்டைக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். அங்கே அம்மோனியா இன்னும் அதிகம், அவ்வளவுதான்.

பேச்சு வசதிக்காக மூன்றுக்கும் பெயர் வைத்துக்கொள்வோம். முதலாவது கறுப்புக் குட்டை: 3 மீட்டருக்கு மேல் ஆழம், காற்று இல்லாமல் சாணம் மக்கும் இடம், கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டாவது பச்சைக் குட்டை: ஒன்றரை மீட்டர் ஆழம், பாசி வேலை செய்யும் இடம். மூன்றாவது தெளிகுட்டை: ஒரு மீட்டர் போதும். கீழே "குட்டை" என்று மொட்டையாகச் சொன்னால் அது பச்சைக் குட்டை.

பாசிக்கு அங்கே என்ன வேலை? கழிவைத் தின்பது பாக்டீரியா. தின்ன அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். அந்த ஆக்ஸிஜனை வெயிலில் செய்து கொடுப்பது பாசி. பாக்டீரியா வெளிவிடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை 1950-களில் கலிஃபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்டு முறையாக ஆராய்ந்து, குட்டை அமைப்புக் கணக்காகவே மாற்றினார். மோட்டார் வைத்துக் காற்று அடிக்க வேண்டிய வேலையைப் பாசி இலவசமாகச் செய்கிறது. அதற்குக் கூலி வெயில்தான். வெயில் உள்ளே இறங்காவிட்டால் வேலை நின்றுவிடும்.

முதலில் இரண்டு வேளை பாருங்கள்

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் பார்க்க வேண்டும். கையில் வேண்டியவை: ஒரு பிஎச் பேனா அல்லது பிஎச் தாள் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுவது), வாய் அகன்ற கண்ணாடி பாட்டில், பெயின்ட் வாளியின் வெள்ளை மூடி, சணல் கயிறு, ஒரு கல்.

காலை பிஎச் 7.4 இருந்து பிற்பகலில் 8.4 ஆக ஏறினால் பாசி உயிரோடு இருக்கிறது, வேலையும் செய்கிறது. கரியமில வாயுவைப் பாசி உறிஞ்சுவதால்தான் பிஎச் ஏறுகிறது. அந்த ஏற்றம் அரைப் புள்ளிகூட இல்லை என்றால், தண்ணீர் எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும் அங்கே ஆக்ஸிஜன் செய்ய ஆள் இல்லை. ஆக்ஸிஜன் மீட்டர் வாங்க முடியாதவர்களுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

வெள்ளை மூடியில் கல்லைக் கட்டி இறக்குங்கள். ஒரு சாண் ஆழத்தில் கண்ணுக்கு மறைந்தால் நல்லது. நான்கு விரற்கடையிலேயே மறைந்தால் பாசி அடர்ந்துவிட்டது அல்லது சாணத்தூள் கலங்கியிருக்கிறது. ஒரு முழத்துக்கும் தெரிந்தால் பாசி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. தெளிந்த தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், அதற்குத் தனியாக வருகிறேன்.

அறிகுறி: பச்சை போய்க் கறுப்பாகி, அழுகின முட்டை நாற்றம்

அடிக்கடி வருவது இதுதான். காரணமும் எளிது: குட்டை செரிக்கக்கூடியதைவிட அதிகமாகத் தீனி போயிருக்கிறது.

கணக்குப் போடுவோம். கழிவு மக்க எவ்வளவு ஆக்ஸிஜன் கேட்கும் என்பதைப் பிஓடி என்கிறார்கள். நான் அதைப் பசி என்றே சொல்வேன். 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினப் பசுவின் சாணமும் கோமியமும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் பசி. 25 டிகிரி வெப்பத்தில் பச்சைக் குட்டை ஒரு ஹெக்டேருக்கு நாளைக்கு 350 கிலோ வரை தாங்கும் என்பது குட்டை வடிவமைப்பில் பரவலாகப் பயன்படும் அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 35 கிராம். 20 மாட்டுச் சாணத்தை முழுவதும் தண்ணீர் அடித்து வாய்க்காலில் தள்ளினால் 10 கிலோ. அதற்கு 7 சென்ட் குட்டை வேண்டும். அதே 20 மாட்டுச் சாணத்தை முதலில் வழித்து அள்ளிவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கழுவுநீரில் போனால் ஒன்றரை சென்ட் போதும். நடுவில் கறுப்புக் குட்டையோ கலனோ பாதிப் பசியைத் தின்றுவிட்டால் அதிலும் பாதி.

ஆக, ஒன்றரை சென்ட் குட்டையும் ஏழு சென்ட் குட்டையும் ஒரு சாணி வழிக்கும் பலகையில் வேறுபடுகின்றன. வேலைக்கு ஆள் வராத வாரத்தில், "பைப்பை வைத்து அடித்துவிடலாம்" என்று ஒருநாள் ஆரம்பித்து அதுவே வழக்கமாகிவிடும். குட்டை கறுத்த பண்ணையில் நான் முதலில் கேட்பது, சாணி அள்ளுபவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்றுதான்.

அடுத்து கேட்பது பால். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு லிட்டர் பாலுக்குப் பசி சுமார் 100 கிராம். 40 லிட்டர் கேன் ஒன்றைக் கவிழ்த்தால் 4 கிலோ, அதாவது எட்டு மாட்டின் ஒரு நாள் சாணம், கோமியம் எல்லாம் ஒரே மூச்சில் குட்டைக்குள் போன மாதிரி. ஒரு பொங்கல் சமயம் எங்கள் பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் எதுவோ, அது வேறு கதை. எரிச்சலில் மூன்று கேனையும் கழுவு வாய்க்காலில் ஊற்றினேன். இரண்டாம் நாள் தண்ணீர் சாம்பல் நிறமாகப் பால் கலந்தது போல் ஆனது, நான்காம் நாள் கறுப்பு, ஆறாம் நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து நின்றுவிட்டார். மடிநோய் மாட்டின் பாலும் அப்படித்தான். அதில் மருந்து வேறு இருக்கும். குழி வெட்டி ஊற்றி மண்ணால் மூடுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள்.

மூன்றாவது காரணம் வண்டல். நீள மூங்கிலின் அடியில் இரண்டு மீட்டருக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, நேராகத் தரை தட்டும்வரை இறக்கி, மெதுவாகத் தூக்குங்கள். வண்டல் இருந்த உயரம்வரை துணியில் கறுப்பு ஒட்டியிருக்கும். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் தூர் வார வேண்டிய நேரம். பங்குனி, சித்திரையில் காடு சும்மா கிடக்கும்போது செய்தால் வண்டலை நேராக வயலில் பரப்பலாம்.

மீட்பது எப்படி: நான்கைந்து நாள் குட்டைக்குள் புதுக் கழிவு விடாதீர்கள். கலனில் இடம் இருந்தால் அங்கே தேக்குங்கள், இல்லையென்றால் தண்ணீர் கலந்து நேராகப் புல்லுக்குப் பாய்ச்சுங்கள். தெளிகுட்டையில் பச்சை மிச்சம் இருந்தால் பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணிவரை சின்ன பம்ப் வைத்து அந்தத் தண்ணீரைப் பச்சைக் குட்டையின் தலைமடைக்குத் திருப்பி விடுங்கள். பிற்பகல்தான் அதில் ஆக்ஸிஜன் உச்சத்தில் இருக்கும். விதைப்பாசியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தே போகும். காலையில் திருப்பினால் வெறும் தண்ணீர்தான் போகும்.

நாற்றத்துக்கும் பச்சைக்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். அழுகின முட்டை வாசனை ஹைட்ரஜன் சல்பைடு. பிஎச் 7-இல் கரைந்திருக்கும் சல்பைடில் பாதி வாயுவாகத் தப்பும் வடிவில் இருக்கிறது. பிஎச் 9-இல் நூற்றில் ஒரு பங்குதான். பாசி பிஎச்சை ஏற்றி வைத்திருக்கும்வரை சல்பைடு இருந்தாலும் மூக்குக்கு வராது. திடீரென்று நாறினால், சல்பைடு திடீரென்று பிறந்தது என்று அர்த்தமில்லை. மூடியாக இருந்த பாசி போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. கறுப்புக் குட்டையின் மேல் சாண ஏடு கட்டிக் காய்ந்து, அதன்மேல் புல்லே முளைத்துவிடும். பார்த்தால் தரை மாதிரி இருக்கும். கன்றுக்குட்டியும் குழந்தையும் காலை வைத்தால் முடிந்தது. வேலி இல்லாத கறுப்புக் குட்டையை நான் குட்டை என்றே சேர்த்துக்கொள்வதில்லை. ஸ்லரித் தொட்டிக்குள், கலனுக்குள் அடைப்பு எடுக்க யாரும் இறங்கவே கூடாது. அந்த வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து.

அறிகுறி: குட்டை சிவப்பு, ரோஸ், ஊதா

"ரோஸ் கலர்" என்று போனில் சொன்னால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு உயிர், வெவ்வேறு செய்தி. கண்ணாடி பாட்டிலில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தண்ணீர் முழுவதும் ஒரே சீராக ரோஸாகவோ பீட்ரூட் கழுவிய தண்ணீர் போலவோ இருந்தால் அது ஊதாக் கந்தக பாக்டீரியா. குரோமேஷியம், தயோகாப்சா, தயோபீடியா என்று பல வகை. இவை வெயிலை வைத்துப் பிழைப்பவை, ஆனால் பாசி மாதிரி ஆக்ஸிஜன் வெளிவிடுவதில்லை. தண்ணீருக்குப் பதிலாகச் சல்பைடைப் பிடித்துக் கந்தகமாக மாற்றுகின்றன. அதனால் ரோஸான கறுப்புக் குட்டை, ரோஸாகாததைவிடக் குறைவாக நாறும். அமெரிக்காவின் பன்றிப் பண்ணை, பால் பண்ணைக் குட்டைகளில் இந்த நிறம் சர்வசாதாரணம், வரவேற்கவும் செய்கிறார்கள். முதல் குட்டை ரோஸ் ஆனால் நிம்மதியாக இருங்கள். இரண்டாவது குட்டை ரோஸ் ஆனால், அது பச்சைக் குட்டையாக இருக்கும் தகுதியை இழந்து இன்னொரு கறுப்புக் குட்டையாக மாறிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன கணக்குக்குப் போங்கள், தீனியைக் குறையுங்கள். மருந்து எதுவும் இல்லை.

2020 ஜூனில் மகாராஷ்டிராவின் லோனார் ஏரி ரோஸானபோது, அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, "நம்ம குட்டை மாதிரியே இருக்குதுங்க" என்றவர்கள் உண்டு. அது வேறு. உப்பு மிகுந்த தண்ணீரில் வாழும் ஹாலோஆர்க்கியா என்ற நுண்ணுயிர் அது. நம் குட்டையில் அந்த அளவுக்கு உப்பு இல்லை.

பாட்டிலில் தண்ணீர் பச்சையாகவே இருந்து, குட்டையின் மேல் தோலில் மட்டும் செங்கல் தூள் தூவியது போல் படலம் இருந்தால் அது யூக்ளினா. காலையில் பச்சையாக இருக்கும் படலம் உச்சி வெயிலில் சிவந்து, சாயங்காலம் மறுபடி பச்சையாவதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி உள்ளே இருக்கும் சிவப்பு நிறமியை மேலே கொண்டுவருகிறது. சாணம் கரைந்த தண்ணீர் இதற்கு உயிர். கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் படலம் தடித்து இரண்டு நாளுக்கு மேல் நின்றால் அடியில் இருக்கும் பாசிக்கு வெயில் போகாது. காற்றடிக்கும் மூலையில் ஒதுங்கும்போது வாளியால் மொண்டு எருக்குழியில் போடுங்கள்.

மூன்றாவது: தண்ணீர் தெளிவாக இருந்து, அதில் சிவப்புப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்ந்தால் அது பூச்சி. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: கரும்பச்சையாக இருந்தது, மூன்றே நாளில் தெளிந்துவிட்டது

இதைப் பார்த்து "தண்ணீர் சுத்தமாயிருச்சு" என்று படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் கறுப்புப் படமும் வரும்.

நடந்தது இதுதான்: மொய்னா, டாப்னியா என்ற தண்ணீர்ப் பூச்சிகள் பெருகி, பாசியை வடிகட்டித் தின்றுவிட்டன. கூடவே ரோட்டிஃபர் என்று கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் இருக்கும். சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் சாணம் கரைத்த தொட்டியில் பாடுபட்டு வளர்க்கும் அதே மொய்னாதான் இங்கே கேட்காமல் வந்து நிற்கிறது. ஆண் துணையே இல்லாமல் பெண் பூச்சிகள் தாமாகக் குஞ்சு விடும். அதனால்தான் ஒரே வாரத்தில் கூட்டம் குட்டையை நிரப்பிவிடுகிறது. சிவப்பு எதனால்? ஆக்ஸிஜன் குறையும்போது அவை ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கின்றன. வெளிறிய பூச்சிகள் தெரிந்தால் ஆக்ஸிஜன் இன்னும் இருக்கிறது. செக்கச்செவேலென்று இருந்தால் குட்டை மூச்சுத் திணறுகிறது. பூச்சியின் நிறமே ஒரு மீட்டர்.

கொஞ்சம் பூச்சி இருப்பது நல்லது. பாசியோடு மிதக்கும் பாக்டீரியாவையும் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். தெளிகுட்டையில் இருந்தால் நான் தொடவே மாட்டேன். பச்சைக் குட்டையில் பெருகினால்தான் பிரச்சினை. ஆக்ஸிஜன் செய்கிறவனைத் தின்றுவிட்டு இவை ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன.

என்ன செய்யலாம்: காலை 6 மணிக்கு ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் இருக்கும்போது பூச்சிகள் மேல்மட்டத்துக்கு வந்து கரையோரம் மொய்க்கும். அப்போது பழைய வேட்டித் துணியில் வலை தைத்து அள்ளுங்கள். கோழிக்குப் போடலாம், மீன் தொட்டிக்காரர் இருந்தால் அவரே வந்து அள்ளிக்கொள்வார். தினமும் அரை மணி நேரம், ஒரு வாரம். கூடவே கழிவைப் பாதியாகக் குறையுங்கள். தின்னப் பாசி இல்லாமல் பூச்சிக் கூட்டம் தானாகவே சரியும். இரண்டு வாரத்தில் பச்சை திரும்புவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தெளிகுட்டையில் கம்பூசியா, கப்பி போன்ற சிறு மீன் விட்டால் அங்கே பூச்சி கட்டுக்குள் இருக்கும். பச்சைக் குட்டையில் மீன் விட்டால் ஒரு விடியற்காலையில் எல்லாம் மிதக்கும்.

பூச்சிமருந்து ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்தத் தண்ணீர் புல்லுக்குப் போகிறது, புல் மாட்டுக்குப் போகிறது, பால் உங்கள் வீட்டுக்கும் வருகிறது.

அறிகுறி: ஒரே ராத்திரியில் பச்சை செத்து, மஞ்சள் கலந்த பழுப்பு

பூச்சி தின்றால் மூன்று நாள் ஆகும். தீனி மிஞ்சினால் நான்கைந்து நாள். ஒரே ராத்திரி என்றால் விஷம். கொட்டகையில் நேற்று என்ன கழுவிவிட்டீர்கள் என்று யோசியுங்கள்.

முதல் சந்தேகம் குளம்பு கழுவும் தொட்டி. 100 லிட்டர் தண்ணீரில் 5 சதவீதம் மயில்துத்தம் என்றால் 5 கிலோ. அதில் கால் பங்குக்குச் சற்று மேல், ஒன்றேகால் கிலோ, சுத்தமான செம்பு. அந்தத் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவியது 3 லட்சம் லிட்டர் குட்டைக்குப் போனால் லிட்டருக்கு 4 மில்லிகிராம். குளோரெல்லா மாதிரியான பாசிக்கு ஒரு மில்லிகிராமே அதிகம். சாணத்தூள் கொஞ்சம் செம்பைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பிடித்துக்கொண்ட செம்பு வண்டலில் உட்கார்ந்து, ஒருநாள் உங்கள் காட்டுக்கே வரும். அந்தப் புல்லை ஆடும் மேய்கிற வீடு என்றால் இன்னும் கவனம். செம்பைத் தாங்குவதில் மாட்டைவிடச் செம்மறி பலமடங்கு பலவீனம்.

இரண்டாவது சந்தேகம் கொட்டகைக்கு அடிக்கும் கிருமிநாசினி, பால் கறவை இயந்திரம் கழுவும் அமிலமும் காரமும். தினசரி அளவு தாங்கும். மாதக் கடைசியில் "ஒரு தடவை நன்றாக" என்று மொத்தமாக ஊற்றுவதுதான் கொல்லும்.

உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வேறு விதமாக வேலை செய்யும். பாசியை அது தொடாது, தண்ணீர்ப் பூச்சியை அழித்துவிடும். மேய ஆள் இல்லாமல் பாசி கட்டுமீறி அடர்ந்து, ஒரு மேகமூட்ட நாளில் மொத்தமாகச் சரியும். உண்ணி மருந்து அடித்த பத்து நாள் கழித்துப் பழுது தெரிவதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. மாட்டுக்கு மருந்து அடித்த தேதியைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

விஷம் போன குட்டைக்குத் தெளிகுட்டைப் பச்சையை விதையாகத் திருப்பி விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அது பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி விடுங்கள்.

அறிகுறி: பாசியே பிடிக்கவில்லை, தண்ணீர் டீத்தூள் நிறம்

கலன் வைத்தவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்றே சொல்லலாம். பசி குறைந்துவிட்டது, நாற்றமும் இல்லை, ஆனால் பச்சை வர மாட்டேன் என்கிறது. இரண்டு காரணம்.

ஒன்று நிறம். கலனில் மக்கிய சாணத்திலிருந்து வரும் பழுப்புச் சாயம் வெயிலை மேல் நாலு விரலிலேயே குடித்துவிடுகிறது. நியூசிலாந்துப் பால் பண்ணைகள் பல பத்தாண்டுகள் இரட்டைக் குட்டை முறையை நம்பி இருந்தன. அவர்களுக்கும் இதே தலைவலிதான். கழிவுநீரை நேராகப் புல்வெளிக்குப் பாய்ச்சுவதற்குப் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள்.

இன்னொன்று அம்மோனியா. ஸ்லரியில் அம்மோனியா லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அது உப்பு வடிவில் இருக்கும்வரை பாசிக்கு உரம். வாயு வடிவுக்கு மாறினால் விஷம். எது எவ்வளவு என்பதைப் பிஎச்தான் தீர்மானிக்கிறது. 30 டிகிரியில் பிஎச் 7.5 என்றால் வாயு 2 அல்லது 3 சதவீதம். பிஎச் 8 என்றால் 7 அல்லது 8. பிஎச் 9 என்றால் ஏறக்குறையப் பாதி. அந்த வாயு ஓர் அளவைத் தாண்டினால் பாசியின் ஒளிச்சேர்க்கை தடைபடும். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். காலையில் பாசி உற்சாகமாக வேலை செய்கிறது, பிஎச் ஏறுகிறது, ஏறிய பிஎச் அம்மோனியாவை வாயுவாக்குகிறது, அந்த வாயு பாசியின் கழுத்தையே பிடிக்கிறது. 11 மணிவரை ஏறிய பிஎச் அப்படியே நின்றுவிட்டால், கூடவே கண் எரியும் மூத்திர நெடி அடித்தால், சிக்கல் இதுதான்.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: ஸ்லரியை அப்படியே விடாதீர்கள். கட்டியை மணல் வடிகட்டியிலோ காயவைக்கும் படுகையிலோ நிறுத்திவிட்டு, கசிவை மட்டும் விடுங்கள். தெளிகுட்டைத் தண்ணீரால் மூன்று நான்கு மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளிக்காமல்: உங்களுக்குப் பாசிக் குட்டை வேண்டியதில்லை. ஸ்லரி நல்ல உரம். புல் நிலம் போதுமான அளவு இருந்தால், நீர்த்து நேராகப் பாய்ச்சிவிட்டு, குட்டையை மழைக்காலச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பெயின்ட் கொட்டியது போல நீலப்பச்சை ஏடு

தெளிகுட்டையில், காற்றே இல்லாத சித்திரை, வைகாசி வெயிலில் வரும். முதலில் இது என்ன என்று பிரிக்க வேண்டும். ஒரு குச்சியை விட்டு எடுங்கள். தலைமுடி மாதிரி தொங்கினால் இழைப்பாசி, வாரி எறியுங்கள், அவ்வளவுதான். குச்சி பெயின்டில் தோய்த்தது போல் வந்தால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சை நுண்ணுயிராக இருக்கலாம். உறுதி செய்யப் பாட்டிலில் முக்கால்வாசி மொண்டு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் சாதாரணப் பாசி. மேலே ஏடாக ஒதுங்கினால் நீலப்பச்சை. வெறுங்கையில் தொடாதீர்கள்.

இதில் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சைச் செய்யும். குடித்த மாடு சில மணி நேரத்தில் செத்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஏடு போகும்வரை மாடு, ஆடு, நாய் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. இங்கேதான் எல்லோருக்கும் மயில்துத்தம் ஞாபகம் வரும். போட்டால் ஏடு சாகும், செத்து வெடிக்கும்போது உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் இறங்கும். ஏட்டைப் பார்த்து நாம் விலகியிருந்த ஆபத்து அப்புறம் கண்ணுக்கே தெரியாது.

அசையாத தண்ணீர்தான் இதற்குப் பலம். மிதந்து மேலே வந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும். பம்ப் வைத்துத் தண்ணீரைச் சுற்றிவிட்டால் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் குட்டை தானாகக் கலங்கி ஏடு கலைவதைக் கோவை, திருப்பூர்க்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கலாம். அதனால் குட்டையின் மேற்குக் கரையில் உயரமாக மரம் வைக்காதீர்கள்.

அறிகுறி: குட்டையே தெரியாமல் பச்சை இலை மூடிவிட்டது

மிளகளவு இலைகளாக மிதக்கும் டக்வீட், அசோலா, ஆகாயத்தாமரை, எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்று: வெயில் மறைந்தது, பாசி செத்தது, அடியில் ஆக்ஸிஜன் இல்லை. மேலே பசுமை, கீழே சாக்கடை. டக்வீடை வேண்டுமென்றே வளர்த்து மீனுக்குப் போடும் முறை உண்டு. வங்கதேசத்தின் மிர்சாபூரில் கழிவுநீரில் அப்படிச் செய்து காட்டினார்கள். ஆனால் அது தினமும் அறுவடை செய்யும் தொழில். அறுக்காமல் விட்டால் இலை அழுகி, எடுத்த சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போகும். இலைக் குட்டையா பாசிக் குட்டையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாசி என்றால் ஒரு இலை மிதந்தாலும் எடுத்துவிடுங்கள். ஆகாயத்தாமரை என்றால் வேரோடு, கரையிலிருந்து நாலடி தள்ளி.

கொசுப் புழுவும் இந்த இலை நிழலிலும் கரையோரப் புல்லிலும்தான் ஒளிந்திருக்கும். கரையைச் சுத்தமாக வைத்தால் பாதிக் கொசு போய்விடும்.

அறிகுறி: அடைமழைக்குப் பின் பச்சை வரவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் வெயில் இல்லாவிட்டால் எந்தக் குட்டையும் பழுப்பாகும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். அந்த வாரம் தீனியைக் குறைப்பதுதான் வேலை. உண்மையான பழுது, கொட்டகைக் கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் குட்டைக்குள் விழுவது. ஒரு சென்ட் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். அது பாசியை அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக்குத் தனி வாய்க்கால் போடுங்கள். புரட்டாசியிலேயே நல்ல பச்சைத் தண்ணீரை நான்கு டிரம்மில் பிடித்து வெளிச்சம் விழும் தாழ்வாரத்தில் வைத்தால், மழை விட்டதும் விதைக்கு அலைய வேண்டியதில்லை.

அறிகுறி: சொட்டுநீர்க் குழாய் பாசியில் அடைக்கிறது

பச்சைத் தண்ணீரைச் சொட்டுநீருக்கு விடாதீர்கள். வாய்க்கால் பாசனம் போதும். வேறு வழியே இல்லை என்றால், வெளிமடைக் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டடி கீழே இறக்குங்கள். மேல் ஏடு அதில் வராது. அதன் முன்னால் ஒரு பாரம் கருங்கல் ஜல்லியைக் குவித்து, அதன் வழியாகக் கசியவிடுங்கள். ஜல்லியில் வழவழப்பு ஏறி வழி அடைபடும்போது, அதைக் கிளறிக் கழுவ ஒரு ஆள், அரை நாள்.